கண்ணாடிச் சாட்சி

போன மாதம் எங்கள் குடியிருப்புக்குப் பெயிண்ட் அடித்தார்கள். மாடிப்படிச் சுவரில், முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே, தீப்பெட்டி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு ஒட்டியிருக்கிறது. ஒரு பழைய விரிசலுக்குக் குறுக்கே, இரண்டு முனையிலும் சிமென்ட் வைத்துப் பதித்த துண்டு. பக்கத்தில் என் கையெழுத்தில் 20-1-2002 என்று தேதி. பெயிண்டர் பையன் உளியும் கையுமாக வந்து, “தாத்தா, இத்த பேத்துடட்டா?” என்றான். வேண்டாம் என்றேன். “இன்னா தாத்தா இது, வாஸ்துவா?” என்றான். “சாட்சிப்பா” என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அடுத்த சுவருக்குப் போய்விட்டான். அவனுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2001 செப்டம்பர் 25, செவ்வாய்க்கிழமை. இரவு 8 மணி 26 நிமிடம். இந்த வயதுக்காரர்கள் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். இரண்டு வாரமாக டிவியில் நியூயார்க் கோபுரங்கள் சரிவதையே திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்த சமயம். அப்போது எனக்கு 53 வயது. புழலில் இந்த வீட்டை வாங்கி ஐந்து வருடம் ஆகியிருந்தது. (புழல் என்றால் “ஜெயில் பக்கமா?” என்று கேட்கும் வழக்கம் அப்போது இல்லை. ஜெயில் 2006-இல்தான் இங்கே வந்தது.) சாப்பிட உட்கார்ந்திருந்தேன். அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிணிகிணியென்று சத்தம் போட்டன. “லாரி போகுது” என்றேன். ஜி.என்.டி. சாலைப் பக்கம் குடியிருப்பவனுக்கு எல்லா அதிர்வும் லாரிதான். என் மனைவி பதில் சொல்லாமல் மேலே கையைக் காட்டினாள். நிறுத்தி வைத்திருந்த மின்விசிறி ஊஞ்சல்போல ஆடிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் கீழே ஓடினோம். ஓடி எங்கே நின்றோம் தெரியுமா? கார் நிறுத்துமிடத்தில். எங்கள் கட்டடம் தூண்களின் மேல் நிற்பது. கீழே சுவரே கிடையாது, வண்டிகள் நிறுத்த வெற்றிடம், அதற்கு மேல் மூன்று மாடி. வெளியே சேறாக இருந்ததால் அங்கேயே பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அந்தக் கட்டடத்திலேயே நிற்கக் கூடாத ஓர் இடம் உண்டென்றால் அது அதுதான் என்று எனக்குத் தெரிய நாலு மாதம் ஆயிற்று.

நிலநடுக்கம் புதுச்சேரிக்குக் கிழக்கே கடலுக்குள் என்று மறுநாள் பேப்பரில் வந்தது. அளவு சுமார் 5.5. நம்மிடமிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி. சென்னையில் சொல்லிக்கொள்ளும்படி சேதம் இல்லை, சில இடங்களில் விரிசல், அவ்வளவே. எனக்கு அதில் இன்னொரு உறுத்தலும் இருந்தது. நான் பிறந்து படித்த ஊர் அது. நேரே கிழக்கே பார்த்தால் தெரியும் அந்தக் கடலுக்கு அடியில் இப்படி ஒன்று இருந்திருக்கிறது!

எங்கள் சங்கத்துக்கு அப்போது நான்தான் செயலாளர். அரசாங்கத்தில் எழுத்தராக இருப்பவன் கிடைத்தால் எந்தச் சங்கமும் விடாது. 30-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டோம். விரிசல் கணக்கெடுத்தது நானும் மூன்றாம் மாடிக்காரரும். பீமுக்கும் சுவருக்கும் நடுவே படுக்கையாக ஒரு கோடு, ஏறக்குறைய எல்லா வீட்டிலும். மாடிப்படிச் சுவரில் மூலைக்கு மூலை சாய்வாக ஒன்று. கீழே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துத் தூணில் நெடுக்காக ஒரு கீறலும், உள்ளங்கை அளவு பூச்சு விழுந்த இடமும். கட்டிக் கொடுத்தவரை வரச் சொன்னோம். வந்தார், காபி குடித்தார், “எல்லாம் பூச்சு சார், பட்டி பார்த்து அடிச்சா போச்சு” என்றார். நான் நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் எழுதினேன்: “விரிசல்கள் பூச்சில் மட்டுமே காணப்படுகின்றன. அச்சப்படத் தேவையில்லை எனத் தீர்மானிக்கப்பட்டது.” கையெழுத்தும் போட்டேன். அச்சப்படத் தேவையில்லை என்று தீர்மானிக்க எனக்கு என்ன தகுதி என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. தூணுக்கும் சேர்த்து பட்டி பார்த்து வெள்ளையடித்துவிட்டோம்.

இத்தனைக்கும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு 41 வருடம் பின்னால் போக வேண்டும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் நான் படித்ததை இங்கே முன்பே எழுதியிருக்கிறேன். 1960 பிப்ரவரி 29 இரவு, மொராக்கோவில் அகாதிர் என்ற கடற்கரை நகரம் நிலநடுக்கத்தில் அழிந்தது. சில நாள் கழித்து எங்கள் முசியே பாரிசிலிருந்து வரும் ஒரு படப் பத்திரிகையை வகுப்புக்குக் கொண்டுவந்தார். அதில் ஒரு ஓட்டலின் படம். ஓட்டல் சிதறவில்லை. மாடிகள் அப்பளக் கட்டுபோல ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. தளங்கள் முழுசாக இருந்தன, தூண்களை மட்டும் காணோம். ஓட்டலின் பெயர் சாதா என்பது பெரியவனான பிறகு தெரிந்துகொண்டது. அன்று அவர் கரும்பலகையில் எழுதியது இரண்டே சொல்: பெத்தோன் அர்மே. பெத்தோன் என்றால் கான்கிரீட். அர்மே என்றால் ஆயுதம் தரித்தது. “ஆயுதம் எது?” என்று எங்களைக் கேட்டார். இரும்புக் கம்பிதான் ஆயுதம். கான்கிரீட் எவ்வளவு பாரம் வைத்து அழுத்தினாலும் தாங்கும், இழுத்தால் பிய்ந்துவிடும். இழுப்பைத் தாங்கத்தான் கம்பி. ஜோசப் மொனியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர் பூந்தொட்டி உடையாமலிருக்க சிமென்டுக்குள் கம்பி வலை வைத்து 1867-இல் காப்புரிமை வாங்கினார். 1892-இல் என்னபீக் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் அதையே தூண், பீம், தளம் என்று முழுக் கட்டட முறையாக்கினார். நாம் இன்று ராயபுரத்திலும் மணலியிலும் குடியிருக்கும் அத்தனை அடுக்குமாடியும் அந்தப் பூந்தொட்டியின் பேரன் பேத்திகள்.

அகாதிரில் செத்தவர்கள் 12,000-இலிருந்து 15,000 வரை. ஊர் ஜனத்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். அந்த நடுக்கத்தின் அளவு 5.7 அல்லது 5.8-தான். நம் செப்டம்பர் நடுக்கத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவே. வித்தியாசம், அது ஊருக்கு நேர் அடியில், ஆழமில்லாமல் வந்தது. நம்முடையது கடலில், தூரத்தில். 2001-இல் “அஞ்சரைதானே” என்று டீக்கடையில் நானே பேசியிருக்கிறேன். அகாதிர் படத்தைப் பார்த்த பையன்தான் அப்படிப் பேசினான்.

புதுச்சேரிக்காரன் என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதி, நம் நாட்டின் ஆரம்பகாலக் கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று. வரைந்தவர் அந்தோனின் ரேமண்ட், தோக்கியோவில் பல வருடம் தொழில் செய்தவர். கட்டுமானத்தை மேற்பார்த்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் நகஷிமா. 1923-இல் தோக்கியோவையும் யோக்கோஹாமாவையும் தரைமட்டமாக்கிய நிலநடுக்கத்தை அனுபவித்த தேசத்திலிருந்து வந்த கை அது. கட்டடம் இன்றும் நிற்கிறது. பக்கத்துத் தெருக்களில் பிற்பாடு எழுந்தவற்றைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

சரி, 2001-க்கு வருவோம். அந்த வருடம் ஆரம்பித்ததே நிலநடுக்கத்தில்தான். ஜனவரி 26, குடியரசு நாள், காலை 8.46. குஜராத்தின் கட்ச் பகுதியில் 7.7 அளவில். நம் புதுச்சேரி நடுக்கத்தைவிட வெளியான சக்தி ஏறத்தாழ இரண்டாயிரம் மடங்கு. புஜ், அஞ்சார், பச்சாவ் ஊர்களில் இறந்தவர்களோடு சேர்த்து மொத்தம் 13,800 பேருக்கு மேல். அஞ்சாரில் கொடியேற்ற விழாவுக்கு ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் குறுகிய தெருவில் இரண்டு பக்கச் சுவரும் சரிந்து செத்துப்போனார்கள். அதெல்லாம் பெரும்பாலும் கல் வீடு, மண் சாந்து. நம் பொறியாளர்களை உலுக்கியது அகமதாபாத். மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்தும், அங்கே ஏறத்தாழ 130 கான்கிரீட் அடுக்குமாடிகள் விழுந்தன, 750 பேர் வரை இறந்தார்கள். புது நகரம், நடுத்தர வர்க்கம், வங்கிக் கடனில் வாங்கிய வீடுகள். விழுந்தவற்றில் மிகப்பெரும்பாலானவை எங்கள் கட்டடம் போலவே, கீழே கார் நிறுத்த வெற்றிடம் விட்டு மேலே சுவர் வைத்து எழுப்பியவை.

ஏன் அப்படி? மேல் மாடிகளில் தூணுக்குத் தூண் செங்கல் சுவர் இருக்கிறது. வரைபடம் போடுகிறவர் அதைப் பாரமாக மட்டும்தான் கணக்கில் எடுப்பார். பக்கவாட்டில் ஆட்டம் வரும்போது அந்தச் சுவர் சட்டத்துக்குள் முட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்கும், மேல் மாடி மொத்தமும் ஒரே பெட்டிபோல விறைத்துக்கொள்ளும். கீழ்த் தளத்தில் முட்டுக் கொடுக்க ஆளில்லை. அசைவு முழுவதும் அந்த ஒரு தளத்துத் தூண்களுக்குள் இறங்கும். தலையில் நெல் மூட்டையோடு மெலிந்த காலில் நிற்கிற ஆளைத் தள்ளிப் பாருங்கள், மூட்டை மடங்காது, முட்டிதான் மடங்கும். அப்போது கான்பூர் ஐ.ஐ.டி.யில் இருந்த பேராசிரியர் சி.வி.ஆர். மூர்த்தி சாதாரண ஜனங்களுக்காகப் படம் போட்டு எழுதிய நிலநடுக்கக் குறிப்புகளில் இதை விளக்கியிருக்கிறார். நான் படித்தது ஓய்வு பெற்ற பிறகு.

எனக்கு இதை நேரில் காட்டியவர் வேறொருவர். நான் வேலை பார்த்த துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன், திருவொற்றியூர்க்காரர். 2002 பொங்கல் முடிந்து அடுத்த ஞாயிறு, பேத்தி கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார். கீழேயே நின்றுவிட்டார். மேலே வரவில்லை. நான் இறங்கிப் போனால், தொட்டிப் பக்கத்துத் தூணை வண்டிச் சாவியால் தட்டிக்கொண்டிருந்தார். மற்றத் தூண்களில் ‘டணக்’ என்றது, இதில் ‘பொத்’ என்றது.

“தம்பி, இதுல என்ன இருந்துச்சு?”

“ஒண்ணுமில்லைண்ணே, பூச்சு விழுந்துச்சு. பட்டி பார்த்துட்டோம்.”

“யாரு சொன்னா பூச்சுன்னு?”

நான் குறிப்பேட்டில் எழுதிய வாக்கியத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “வா, முதல்லேர்ந்து பார்ப்போம்” என்று என்னை வெளியே தெருவுக்கு அழைத்துப் போனார். முதலில் கட்டடத்தைச் சுற்றி வந்தோம். தூக்குக்குண்டு இல்லாததால் ஒரு கயிற்றில் பூட்டைக் கட்டித் தொங்கவிட்டு மூலைகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்தார். அதன் பிறகு கீழ்த் தளத் தூண்கள், தலையும் காலும். அப்புறம் தூணும் பீமும் சேரும் முடிச்சு. அப்புறம் மாடிப்படி. கடைசியாக மொட்டைமாடியில் தண்ணீர் டாங்கும் கைப்பிடிச் சுவரும். வீட்டுக்குள் இருக்கிற சுவர்களை அவர் பார்க்கவே இல்லை. நானும் மூன்றாம் மாடிக்காரரும் கணக்கெடுத்தது அதை மட்டும்தான்.

பீமுக்குக் கீழே படுக்கையாக ஓடும் கோடு, செங்கல்லும் கான்கிரீட்டும் ஒட்டாமல் பிரிகிற இடம், பெரும்பாலும் தொல்லையில்லை என்றார். மூலைக்கு மூலை சாய்ந்த விரிசல், சட்டம் ஆடியபோது சுவர் முட்டுக் கொடுத்ததற்கு அடையாளம். இரண்டு பக்கமும் பலமாக ஆடியிருந்தால் பெருக்கல் குறிபோல விழும். அது சுவருக்கு வந்தது, சட்டத்துக்கு வந்ததா என்று தனியாகப் பார்க்க வேண்டும். தூணில் சாய்வாக விழுந்தால் அது வேறு கதை. தூண் மடங்காமல் வெட்டுப்பட்டதுபோல முறியும், முன்னறிவிப்பு தராது. தூணில் நெடுக்காக, கம்பி ஓடும் வழியிலேயே விழுந்தால் உள்ளே துரு. பழைய விரிசலா புதுசா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். “உள்ளே பாரு. பழசுன்னா தூசு இருக்கும், சிலந்தி இருக்கும், போன தடவை அடிச்ச பெயிண்ட் இறங்கியிருக்கும். புதுசு பளிச்சுன்னு இருக்கும்” என்றார். நாங்கள்தான் எல்லாவற்றையும் பட்டியால் மூடிவிட்டோமே!

என் பிரெஞ்சு வாத்தியார்கள் விரிசலுக்கே மூன்று நான்கு சொல் வைத்திருந்தார்கள். மெல்லியது ஃபிஸ்யூர். சுவரில் நெளிந்து ஓடும் பெரிய வெடிப்பு லெஸார்த், பல்லி என்கிற சொல்லிலிருந்து வந்தது. நம்மிடமும் கீறல், விரிசல், வெடிப்பு, பிளவு என்று வரிசையாக இருக்கின்றன, ஆனால் எல்லாவற்றுக்கும் ‘கிராக்’ என்று ஒரே சொல்லைச் சொல்லிப் பழகிவிட்டோம். நான் குறிப்பேட்டில் எழுதியதும் அப்படித்தான். எது எங்கே, எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் சாய்வு என்று ஒரு வரி இல்லை.

மாடிப்படி விரிசலைத் திறந்து, அதன் குறுக்கே அண்ணன்தான் அந்தக் கண்ணாடியைப் பதித்தார். உடைந்த ஜன்னல் கண்ணாடியின் துண்டு. விரிசல் வளர்ந்தால் கண்ணாடி முதலில் உடையும். உடையவில்லையென்றால் விரிசல் தூங்குகிறது. பிரெஞ்சில் இதற்குத் தெமுவான் என்று பெயர், சாட்சி என்று அர்த்தம். பள்ளியில் நீதிமன்றக் கதைகளில் படித்த சொல். அதற்கு இப்படியும் ஒரு அர்த்தம் உண்டு என்று அன்றிரவு என் பழைய அகராதியைப் புரட்டித்தான் தெரிந்துகொண்டேன்.

பிறகு தூண். மறுவாரம் ஒரு மேஸ்திரியைக் கூட்டிவந்து தட்டச் சொன்னார். நாலு தட்டில் பலகைபோல ஒரு சில்லு விழுந்தது. உள்ளே ஜல்லிக்கு நடுவே பொந்து பொந்தாக, தேன்கூடு மாதிரி. கான்கிரீட் போட்டபோது சரியாகக் குத்திவிடவில்லை. கம்பி பழுப்பேறி உப்பியிருந்தது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதுதான் உள்ளிருந்தே மேல்பூச்சைத் தள்ளியது. நம் எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் உப்புக் காற்றால் இது வெகு சீக்கிரம் வரும். எங்களுக்குத் தண்ணீர்த் தொட்டியின் ஈரமே போதுமாக இருந்தது. கம்பியைச் சுற்றிக் கட்டும் ரிங், ஒரு அடிக்கு ஒன்று. முனைகள் உள்நோக்கி மடக்கப்படாமல் செங்கோணமாக வளைத்து விட்டிருந்தார்கள். தூணின் தலையிலும் காலிலும் நாலு அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது, கொக்கி 135 டிகிரி மடங்கி கான்கிரீட்டின் உள்ளே போக வேண்டும் என்று நிலநடுக்கப் பகுதிகளுக்கான விதி 1993-இலேயே வந்துவிட்டது. ஆனால் அன்று சென்னைக்கு அது கட்டாயமில்லை.

“இது நிலநடுக்கத்தாலா?” என்று கேட்டேன். எழுத்தர் புத்தி. காரணம் என்ன என்று கோப்பில் எழுதினால்தானே செலவு யார் தலையில் என்று தெரியும். அண்ணன் சொன்னார்: “ஆட்டம் பூச்சைத்தான் தட்டிவிட்டுது. நோவு முன்னாடியே இருந்துச்சு. யாரால வந்துச்சுன்னு ஃபைல்ல எழுதிக்கோ. தாங்குமா தாங்காதான்னு முதல்ல பாரு.”

அந்த வாரம் நடந்த கூட்டத்தை மறக்க முடியாது. விஷயம் வெளியே போனால் வீட்டு விலை விழும் என்றார் ஒருவர். பெயிண்ட் அடித்து மூன்று மாதம் ஆகவில்லை, மறுபடி பணமா என்றார் இன்னொருவர். இரண்டாம் மாடியில் இரண்டு பெண் பிள்ளைகளோடு தனியாக இருந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்தார். “சார், ராத்திரி புள்ளைங்கள அந்த வூட்ல படுக்க வெக்கலாமா வேணாமா? அத்த மட்டும் சொல்லுங்க.” யாரும் பேசவில்லை.

உலகம் முழுக்க நிலநடுக்கச் சேத மதிப்பீடு என்று கிளம்பினவர்கள் எல்லோரும் கடைசியில் அந்த அம்மாவின் கேள்விக்குத்தான் பதில் தேடியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1989-இல் ஒரு கையேடு போட்டார்கள்: பச்சை அட்டை ஒட்டினால் குடியிருக்கலாம், மஞ்சள் என்றால் கட்டுப்பாடுகளோடு, சிவப்பு என்றால் உள்ளே போகாதே. அச்சாகி சில வாரத்திலேயே, அக்டோபர் 17 அன்று, சான்பிரான்சிஸ்கோ பக்கம் நிலநடுக்கம் வந்து அதைப் பயன்படுத்த வேண்டியதாயிற்று. ஐரோப்பியர்கள் 1998-இல் ஐந்து படி வைத்தார்கள். பூச்சில் மயிரிழை என்றால் முதல் படி, தூணின் அடியிலும் முடிச்சிலும் வெடித்து மேல் கான்கிரீட் உதிர்ந்து கம்பி வளைந்தால் மூன்றாம் படி, தரைத்தளம் நொறுங்கினால் ஐந்து. குஜராத்திலும் ஜி-1 முதல் ஜி-5 வரை வகை பிரித்துத்தான் நிவாரணம் கொடுத்தார்கள். மூன்றா நாலா என்று ஒரு ஆள் ஒரு மதிய வேளையில் எழுதுகிற எண்ணில் ஒரு குடும்பத்தின் பணம் நிற்கிறது. அப்படிப்பட்ட படிவங்களைப் பார்த்தே வாழ்ந்தவன் நான். எழுதுகிற கை நடுங்க வேண்டும் என்று சொல்லவில்லை, தூணைத் தட்டிப் பார்த்துவிட்டாவது எழுத வேண்டும். நான் தட்டிப் பார்க்காமல் எழுதினேன்.

அந்த அம்மா பிள்ளைகளோடு இரண்டு மாதம் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். அதன் பிறகுதான் மற்றவர்களும் அசைந்தார்கள். ஒரு கட்டமைப்புப் பொறியாளர் வந்தார். ஸ்ப்ரிங் வைத்த சுத்தியல் ஒன்றால் எல்லாத் தூணையும் அழுத்திப் பார்த்து எண் குறித்தார். சுவிட்சர்லாந்துக்காரர் ஷ்மிட் கண்டுபிடித்த கருவி. எவ்வளவு துள்ளுகிறதோ அவ்வளவு கெட்டி. பிறகு ஒலி அலையை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்த்தார். பொந்து இருந்தால் தாமதமாகும். ஒன்பது தூணில் இரண்டு மோசம், ஏழு பரவாயில்லை. இரும்பு முட்டுகள் கொடுத்துப் பாரத்தை இறக்கி, கெட்டதைச் செதுக்கி, துரு போகத் தேய்த்து, சுற்றிலும் புதுக் கம்பியும் நெருக்கமாக ரிங்கும் கட்டி மறுபடி கான்கிரீட் போட்டார்கள். தூண் இப்போது நாலு பக்கமும் நாலு அங்குலம் குண்டு. கீழ்த் தளத்தில் மூன்று இடத்தில் தூணுக்குத் தூண் சுவர் எழுப்பச் சொன்னார். அதற்காக இரண்டு பேர் கார் நிறுத்துமிடத்தை இழந்தார்கள், அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

நான் குறிப்பேட்டில் பழைய தீர்மானத்துக்குக் கீழே சிவப்பு மையில் எழுதினேன்: “30-9-2001 தேதியிட்ட தீர்மானம் தவறு. சோதிக்காமல் எழுதப்பட்டது.” கையெழுத்து, தேதி. சர்வீஸில் 30 வருடத்தில் அப்படி ஒரு குறிப்பு நான் எழுதியதில்லை.

அந்த வருடமே, 2002-இல், இந்திய நிலநடுக்க விதியைத் திருத்தி வெளியிட்டார்கள். 1993-இல் லாத்தூரில் 9,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அது அன்றைய வரைபடத்தில் மிகமிகப் பாதுகாப்பான ஒன்றாம் மண்டலம். அந்த மண்டலத்தையே எடுத்துவிட்டார்கள். சென்னை இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறியது. வரைபடம் 2002-க்கு வந்துவிட்டது, கட்டடம் 1996-இலேயே நிற்கிறது. ராயபுரம், தண்டையார்பேட்டை, மாதவரம் என்று அதற்கு முன்பு கட்டியவை எத்தனை என்று ஒரு நடை நடந்தாலே தெரியும்.

புழல்காரர்களுக்கு ஒரு வார்த்தை தனியாக. 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோவின் மேற்குக் கடற்கரையில் வந்த நடுக்கம், இடையிலிருந்த ஊர்களையெல்லாம் விட்டுவிட்டு, 350 கிலோமீட்டருக்கு அப்பால் தலைநகரத்தில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. காரணம், நகரத்தின் பெரும்பகுதி ஒரு பழைய ஏரியின் படுகையில் நிற்கிறது. மெத்தென்ற களிமண் அதிர்வைப் பெரிதாக்கி, அதற்கு ஒத்தாற்போல ஆடும் உயரமுள்ள கட்டடங்களைத் தேடிப் பிடித்தது. நம் பக்கத்து மனைகள் பல ஏரிப் பாசன வயலாக இருந்தவை. அதனால் இங்கே அப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. வீடு வாங்கும்போது பட்டா, வில்லங்கம் பார்க்கிறோம், மண் பரிசோதனைத் தாளைக் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட குடியிருப்பு ஒன்று இடிந்து விழுந்தது நினைவிருக்கும். நிலநடுக்கம் எதுவும் இல்லை. ஒருவரும் சாகவில்லை. விரிசலைப் பார்த்த குடியிருப்பவர்கள் பட்டி பார்க்கவில்லை, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரையும் கதவு தட்டி வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். பொருள் எல்லாம் போயிற்று. அந்தச் செய்தியைப் படித்தபோது ஓவர்சியர் அண்ணன் உயிரோடு இல்லை. அவருடைய ஊர் ஜனங்கள். இருந்திருந்தால் அவரிடம் போய்ச் சொல்லியிருப்பேன்.

கண்ணாடிக்கு ஒரு தனி நோட்டு வைத்திருக்கிறேன். 26-12-2004, சுனாமி அன்று காலை: உடையவில்லை. 11-4-2012, சுமத்ராவில் 8.6, இங்கே மதியம் லேசாக ஆடியது: உடையவில்லை. 21-5-2014, வங்காள விரிகுடா, இரவு பத்து மணி வாக்கில்: உடையவில்லை. இரண்டு முறையும் கீழே ஓடினோம், கார் நிறுத்துமிடத்தில் நிற்கவில்லை, தெருவைத் தாண்டி எதிர் மனைக்குப் போய் நின்றோம்.

பெயிண்டர் பையன் கண்ணாடியை விட்டுச் சுற்றிலும் அடித்திருக்கிறான். ஒரு ஓரத்தில் கொஞ்சம் பெயிண்ட் பட்டுவிட்டது, பிளேடால் சுரண்டி எடுத்தேன். 2001 செப்டம்பர் 25 இரவு ராயபுரத்திலோ எண்ணூரிலோ இருந்தவர்கள் என்ன பார்த்தீர்கள், எந்தச் சுவரில் எப்படி விரிசல் விழுந்தது என்று நினைவிருந்தால் எழுதுங்கள். எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.